கடல் தெரியும் அறை

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி.
தனிக் குளியலறை. ஒருவருக்கு மட்டும்.
விளம்பரத்துக்குப் படம் வேணுமாம்.
எடுத்தேன்.

யன்னலுக்கு வெளியே கடல் வந்திருந்தது.
கூடவே, கூப்பிடாத எல்லாரும் வந்திருந்தார்கள்:
ஃபஸ்லி வீட்டு நீலத் தண்ணீர்த் தாங்கி,
கொடியில் இரண்டு சறம்,
ஏசிப் பெட்டிமேல் தன் காணிபோல் நிற்கிற காகம்,
அலுமாரிக் கண்ணாடிக்குள்
நைற்றியோடு ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி
நான்.

பயப்படாமல் வெட்டுங்கோ அன்ரி,
முதல் படம் அப்படியே பத்திரமா இருக்கும்
என்றான் ரீலோட் கடைப் பெடியன்.
சதை வைத்தியர் சொல்வதுபோலச் சொன்னான்.

நாலு மூலையிலும் நாலு வெள்ளைக் கோணம்.
விரல் வைத்தால் அது வராது,
படம் முழுக்கக் கூடவே நகரும்.
கோணத்தின் நுனியில், எறும்பைத் தூக்குவதுபோல்
மெதுவாகப் பிடிக்கவேணும்.

முதல்முறை ஆசையில் கிட்டக் கிட்ட இழுத்தேன்.
கடல் சதுரம் சதுரமாய் உடைந்து
பாத்ரூம் தரையாகிவிட்டது.
இல்லாத கடலை இழுத்துப் பெரிதாக்க ஏலாது
என்று அப்போது விளங்கியது.

இரண்டாம்முறை
கடல் தெஹிவளைப் பக்கம் சரிந்து
வழியப் பார்த்தது.
கீழே அடிமட்டம்போல் ஒரு கோடு,
அதை ஒன்றரைப் பாகை தள்ளினேன்.
இந்து சமுத்திரம் சொல்வழி கேட்டு
நேரே நின்றது.
இந்த வீட்டில் என் சொல் கேட்ட
முதல் ஆள்.

பிறகு ஒவ்வொருவராய் வெளியே.
சறங்கள் உடனே போயின.
காகம் போனது, வால்நுனி போகவில்லை;
திரையில் ஊத்தையென்று
நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டினேன்.
ரயில் ஒன்று பாதியில் அறுபட்டு நின்றது,
விட்டால் முழுசாய் விடவேணும்,
எடுத்தால் முழுசாய் எடுக்கவேணும், எடுத்தேன்.
என்னை வெட்டுவதுதான் லேசு.
இடப்பக்கம் ஒரே இழுவை.

தாங்கிதான் மல்லுக்கு நின்றது.
அதைத் தள்ளினால் கடலும் சேர்ந்து போகிறது.
ஒரு விரற்கடை நீலத்தை
ஓரத்தில் இருக்கவிட்டுச் சேமித்தேன்.

வந்தவர்கள் எல்லாரும்
ஒரு கையில் ஃபோனும்
மறுகையில் யன்னல் கம்பியுமாய்க் கடலைத் தேடினார்கள்.
வங்கிக்காரர் ஒருவரை
தோளில் பிடித்து இரண்டடி வலப்பக்கம் நகர்த்தி
இங்க நிண்டு பாருங்கோ என்றேன்.
பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

சசிப்பிரபாவுக்கு அவசரத்தில்
வட்ஸ்அப்பில் இரண்டு படமும் போய்விட்டது.
ஹட்டனிலிருந்து வந்திருந்தாள்,
களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலை.
வெட்டாத படத்தை இரு விரலால் விரித்து
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்:
தண்ணித் தாங்கிக்கு ரெண்டாயிரம் கொறைங்க.
சறத்துக்கு? என்றேன்.
அது காஞ்சா எடுத்துருவாங்கல்ல.
கண்ணாடிக்குள் நின்ற என்னை
ஒருதரம் பெருப்பித்துப் பார்த்தாள்,
அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.
குறைத்தேன்.

நேற்றுப் பின்னேரம்
தேத்தண்ணியோடு போனபோது
கதிரைமேல் ஏறி நின்றிருந்தாள்.
வீடியோவில் அம்மா.
ஃபோனை அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம்,
யாரும் காட்டிக் கொடுக்காமலே
சறம் தவிர்த்து, காகம் தவிர்த்து,
ஒன்றரைப் பாகைகூடச் சரியாமல்
பிடித்திருந்தாள்.

ஓரத்துல நீலமா நிக்குதே, அது என்னா பாப்பா,
கப்பலா?

ஃபஸ்லி வீட்டில் யாரோ மோட்டரைப் போட்டார்கள்.
தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம்.

ம், என்றாள்.
இன்னும் பொறப்படல.